பாறைக்குக் கிழக்கே நிற்கிறவர்

சூசோக் அறுவடைப் பண்டிகை வருவதற்குள் மலைச்சரிவுக்குப் போய் நம் வீட்டுச் சமாதி மேடுகளில் வளர்ந்த புல்லை வெட்டிவிட வேண்டும். வெட்டாத குடும்பத்தை எங்கள் பாம்கோல் ஊர் மனிதர்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அதனால்தான் அந்த வருஷம் இடுப்பு வலியையும் பொறுத்துக்கொண்டு அரிவாளைத் தீட்டி எடுத்துப் போனேன். போய்ப் பார்த்தால், என் புருஷனின் மேட்டில் யாரோ ஏற்கெனவே புல்லை வெட்டியிருந்தார்கள். அரைகுறை வேலை இல்லை. நாவிதனிடம் உட்கார்ந்து எழுந்த தலை மாதிரி வழவழவென்று இருந்தது. முன்னால் ஒரு கிண்ணம் மக்கொல்லி அரிசிக்கள், ஒரு கருவாடு, மூன்று பேரிக்காய்.

"தம்பி, நீங்களா வெட்டினீங்க?" என்று பின்னால் மூச்சு வாங்க வந்த கொழுந்தன் பில்-சுவைக் கேட்டேன்.

"நான் இப்பதான் அண்ணி உங்ககூடயே வர்றேன். எனக்கென்ன ரெண்டு ஒடம்பா இருக்கு?"

அப்போது பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும். நல்ல கட்டுமஸ்தான உடம்பு. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் புல்தரையில் பாய் விரித்து ஒரு கூட்டமே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"யாருங்க நீங்க? எங்க மாமனாரு தலைமாட்டுல அரிவாளோட நிக்கிறீங்க?"

"உங்க மாமனாரா? இது எங்க வீட்டுக்காரரு."

"இது எங்க மாமனாரு. மேல இருக்கறது அவரோட அப்பா."

"மேல இருக்கறது எங்க மாமனாரு" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் தானாகவே ஏறும். "பத்தொம்பது வருஷமா நான் புல்லு வெட்டறேன், நான் கள்ளு ஊத்தறேன். நீ இன்னைக்கு எங்கேருந்து மொளைச்ச?"

அவள் பக்கத்து ஊர் பான் வீட்டு மருமகள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு பெரும்புயல் அடித்ததே, அதற்கு முன்னாலேயே குடும்பத்தோடு பூசான் துறைமுகத்துக்குப் பிழைக்கப் போனவர்கள். இந்தச் சரிவை வெட்டிச் சாலை போடப் போகிறார்கள், குளிர்காலத்துக்குள் அவரவர் சமாதியைத் தோண்டி வேறிடம் கொண்டுபோய் விடுங்கள் என்று அரசாங்க உத்தரவு வந்ததால் திரும்பி வந்திருக்கிறார்கள். மாமனாரைப் புதைத்த அன்று தன் கையால் மண் போட்டதாகச் சொன்னாள்.

"நீ போட்டியா, அக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் போடவில்லை. அவர் காய்ச்சலில் போனபோது எனக்கு ஐந்தாவது மாதம். கர்ப்பிணி சாவு வீட்டுப் பாடைக்குப் பின்னால் போகக்கூடாது. வாசல்வரைக்கும்கூட விடவில்லை. பாடைக்காரர்களின் மணிச்சத்தம் மலைப்பக்கம் போய் அடங்குவதை உள்ளறையில் படுத்துக் கேட்டதுதான் நான் செய்த இறுதி மரியாதை. பார்லி அறுவடையின்போது தோக்-நிம் பிறந்தாள். கோடை கடைசியில் அந்தப் பெரும்புயல் வந்து பாதி மலையைச் சேறாக்கி இறக்கியது. அதற்குப் பிறகு பில்-சுதான் அப்பாவின் மேட்டையும் அண்ணனின் மேட்டையும் கண்டுபிடித்து, சரிந்த மண்ணை அள்ளிப்போட்டு மறுபடி உருவாக்கினார். அப்போது அவருக்குப் பதினாறு வயது.

"தம்பி, நிச்சயமாத்தானே கண்டுபிடிச்சீங்க?"

"என்ன அண்ணி பேசறீங்க. பாறைக்கு சோத்துக்கைப் பக்கம், மேல அப்பா, கீழ அண்ணன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"தூக்கத்துலதான் கண்டுபிடிச்சிருப்பாரு" என்றாள் பான் வீட்டுக்காரி.

நான் கையை ஓங்கினேன், அவளும் ஓங்கினாள். எனக்கு அது வெறும் மேட்டுச் சண்டை இல்லை. புயலுக்குப் பிந்தைய சூசோக்குக்கு மூன்று மாதக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்து, இந்த மேட்டின் முன்னால் நின்றுதான் சொன்னேன், உங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்கு என்று. அவருக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. கடைசி இரவு முழுக்க என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, பொறந்ததும் வந்து சொல்லு, வந்து சொல்லு என்று காய்ச்சலில் அரற்றினார். இந்த மேட்டில் அவர் இல்லையென்றால் அவருக்கு யார் சொன்னார்கள்?

"ரெண்டு பேரும் கையை அப்படியே வச்சிருங்க, எறக்காதீங்க" என்று ஒரு குரல் வந்தது.

திரும்பினால் ஓவியர் தாக். கீழே வரப்பில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு எங்கள் சண்டையை வரைந்துகொண்டிருந்தார்.

இந்த ஆளைப்பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமான வருஷம், அறுவடைக்காலம் முழுக்க எங்கள் வீட்டு வாசலறையில் தங்கியிருந்தவர். அதன் பிறகும் நாலைந்து வருஷத்துக்கொரு முறை நெல் பழுக்கும்போது ஊருக்குள் தலை காட்டுவார். ஊரே அவரைக் கேலி செய்தது, நானும்தான். இடுப்பொடிய நாற்று நடுகிறவர்களை வரப்பில் குந்திக்கொண்டு வரைவார். ஆற்றில் துணி அடிக்கிறவளை வரைவார். பாரவண்டி மாட்டை வரைவார், அது போட்ட சாணியையும் விடாமல் வரைவார். சாப்பாட்டுக்கு மட்டும் யாரும் கூப்பிடவே வேண்டாம். "பட்டணத்துல மாடு கெடையாதுங்களா ஓவியரய்யா?" என்று கேட்டால், "இருக்கும்மா, ஆனா அதுக்கு வேலையில்ல" என்பார். அவர் போட்ட படம் ஒன்றைக்கூட முழுசாக நான் பார்த்ததில்லை. எங்களைத்தானே போடுகிறார், எங்களை எங்களுக்குத் தெரியாதா என்ற எண்ணம்.

"எங்க வயிறு எரியுது, உங்களுக்குப் படம் கேக்குதா?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

அவர் கோபப்படவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மேலே ஏறி வந்தார். எதற்குச் சண்டை என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் சரிவைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நான் உங்க வீட்ல தங்கியிருந்தப்ப இந்தச் சரிவைப் போட்டேம்மா. புல்லு வெட்டற அன்னைக்கு. எதிர்க்கரையில உக்காந்து போட்டது."

"புயலுக்கு முன்னாடியா?"

"முந்தின வருஷம். பெரிய படம். இப்ப குவாங்ஜு பட்டணத்துல கண்காட்சியில மாட்டியிருக்காங்க. இருக்கற மேட்டையெல்லாம் இருந்த எடத்துலதான் போட்டேன். எனக்குக் கற்பனை பண்ணத் தெரியாது, அதான் என்னோட குறை."

"படத்த வச்சு பொணத்தத் தேடப் போறீங்களாக்கும்" என்று பில்-சு முணுமுணுத்தார். பான் வீட்டுக்காரி கைகளைக் கட்டிக்கொண்டு, "நானும் வர்றேன். அப்புறம் நீங்களே ஒண்ணு பாத்துட்டு வந்து சொல்லக்கூடாது பாருங்க" என்றாள்.

மறுநாள் பேருந்தில் நாலு பேரும் போனோம். நான் வேக வைத்த சக்கரைவள்ளிக் கிழங்கு கொண்டுபோயிருந்தேன். அதைப் பான் வீட்டுக்காரிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் கொடுத்தேன். அவள் வாங்கி உரித்துத் தின்றாள்.

தோக்-நிம் குவாங்ஜுவில் நெசவாலையில் வேலை பார்க்கிறாள். பேருந்து நிலையத்துக்கு வந்து காத்திருந்தாள். எதற்கு வந்தோம் என்று கேட்டாள். சொன்னேன். என் மகள் சட்டென்று அழுகிறவள் இல்லை, என்னைப்போலத்தான். "அப்ப நான் பொறந்தது அப்பாவுக்கு தெரியாதாம்மா?" என்று மட்டும் கேட்டாள். நான் வேகமாக நடந்தேன்.

கண்காட்சி நடந்த இடம் உயரமான கூரை போட்ட பெரிய கட்டடம். வாசலில் செருப்பைக் கழற்றப் போனேன், வேண்டாம் என்றார்கள். உள்ளே சட்டை கோட்டு போட்டவர்கள் வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். இவ்வளவு படித்தவர்கள் இவ்வளவு அமைதியாக எதைப் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். வரப்பில் சாப்பாட்டுக்கூடை. நாற்று நடும் வரிசையின் பின்பக்கங்கள். துணி அடிக்கும் கட்டை. மழைக்கு ஓலைப் போர்வை போட்டுக்கொண்டு நிற்கும் ஒருவன். எல்லாம் நாங்கள்.

"அண்ணி, இது நம்ம ஊர் வாத்தியாரு பொண்டாட்டி பின்னாடி" என்றார் பில்-சு மெதுவாக. சிரிக்கவில்லை. அவள் இறந்துபோய் எத்தனையோ வருஷம். முகமே இல்லை, குனிந்த முதுகும் சேற்றுக்காலும்தான். ஆனால் அவளேதான். வேறு யாராகவும் இருக்க முடியாது. கிண்டல் செய்துகொண்டே அந்த ஆளுக்குச் சோறு போட்டோமே, இதையா செய்துகொண்டிருந்தார்?

கடைசி அறையில், ஒரு சுவர் முழுக்க அந்தப் படம் இருந்தது.

முதலில் எனக்கு நிறம்தான் தெரிந்தது. கீழே பழுத்த நெல்லின் மஞ்சள், மேலே பைன் மரங்களின் கரும்பச்சை, நடுவில் சரிவு. சரிவெங்கும் மேடுகள், ஒவ்வொரு மேட்டிலும் வெள்ளைச் சட்டை போட்ட ஆண்கள் குனிந்து புல் வெட்டுகிறார்கள். புயல் கொண்டுபோன பைன் மரங்கள் அத்தனையும் அங்கே நின்றுகொண்டிருந்தன. சேற்றில் பாதி புதைந்த எங்கள் பாறை அங்கே முழுசாக, ஒரு அறை அளவுக்கு உட்கார்ந்திருந்தது. நான் பாறையையே பார்த்தேன். அதற்கு மேற்கே மேலும் கீழுமாக இரண்டு மேடுகள். அவற்றில் எனக்குத் தெரியாத ஆட்கள்.

"அது எங்க வீட்டுக்காரரு" என்றாள் பான் வீட்டுக்காரி. அவள் குரலே மாறிப்போயிருந்தது. "தலைல துண்டு கட்டியிருக்காரே, அவரு. அப்ப எவ்வளவு ஒல்லியா இருந்திருக்காரு பாருங்க."

மேற்கே இருந்த இரண்டு மேடும் அவர்களுடையதுதான். தோக்-நிம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பில்-சு, "பாதை" என்றார்.

"என்ன பாதை?"

"பாதை அண்ணி, பழைய பாதை. கீழேருந்து மேல வருது பாருங்க." அவர் விரல் அந்தப் பாதையோடு ஏறியது. "புயல்ல அது போயிருச்சு. அப்புறம் நாம மேட்டு வழியா மேலேருந்து எறங்கி வர ஆரம்பிச்சோம். நான் சோத்துக்கைப் பக்கம்னு மனசுல வச்சிருந்தேன். கீழேருந்து வந்தா சோத்துக்கை கெழக்கு அண்ணி. மேலேருந்து வந்தா மேற்கு."

அவர் தன் வலது கையையே விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பாறைக்குக் கிழக்கே பார்த்தேன். ஒரே ஒரு மேடு, மாமனாருடையது, அதில் குந்தி வெட்டுகிற ஒல்லிப் பையன் பில்-சு. அந்த மேட்டின் கால்மாட்டில் வெறும் புல்தரை. வருஷா வருஷம் நானும் பில்-சுவும் பாய் விரித்துச் சோறு சாப்பிடுகிற இடம் அது. அங்கே ஒரு ஆள் அரிவாளைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

முதுகுதான் தெரிந்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, உடம்பின் பாரத்தை எல்லாம் இடது காலில் போட்டு, வலது காலைச் சும்மா வைத்திருந்தார். சின்ன வயதில் சீமைப்பனிச்சை மரக் கிளை முறிந்து விழுந்து வலது கால் எலும்பை உடைத்துக்கொண்டவர் அவர். நிற்கிறபோதெல்லாம் அப்படித்தான் நிற்பார். அந்த நிலையை நான் மறந்துபோயிருந்தேன். என் புருஷன் எப்படி நிற்பார் என்று யாராவது கேட்டிருந்தால் எல்லாரையும்போல என்று சொல்லியிருப்பேன். எங்களிடம் அவர் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்துக்கு வரச் சொன்ன புகைப்படக்காரன் மழையைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் திரும்பிப்போய்விட்டான்.

அவர் தலை மட்டும் கொஞ்சம் திரும்பியிருந்தது, பாதைப் பக்கம். அந்தப் பாதையில், தலையில் சாப்பாட்டுக்கூடையும் கையில் கெண்டியுமாகப் புதுப்பெண் ஒருத்தி ஏறி வந்துகொண்டிருந்தாள். கூடை விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் என் கால் கட்டைவிரலைத்தான். அவர் வெட்டுகிற வேலையை நிறுத்திவிட்டு நான் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கு இத்தனை வருஷம் கழித்து, அந்தச் சுவரின் முன்னால்தான் தெரிந்தது.

"இவரா அப்பா?" என்றாள் தோக்-நிம்.

"ஆமா."

"மூஞ்சிய காட்டலியேம்மா."

"உங்கப்பா அப்படித்தான்" என்றேன். என் மகள் தன் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறந்ததிலிருந்து அவரை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கோட்டு போட்ட யாரோ மறைத்தபோது பான் வீட்டுக்காரி அவர் தோளைப் பிடித்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புள்ள அப்பாவப் பாக்குது" என்று நகர்த்திவிட்டாள்.

ஓவியர் தாக் அறை வாசலிலேயே நின்றிருந்தார். நான் நேராகப் போய் அவர் முன்னால், அத்தனை பேருக்கு நடுவில், தரையில் நெற்றி படக் குனிந்து வணங்கினேன். பெரியவர்களுக்கும் செத்தவர்களுக்கும் மட்டும் செய்கிற வணக்கம் அது. அவர் பதறிப்போய் என்னைத் தூக்கினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். "அவரு நின்னாரு, நான் போட்டேன். அன்னைக்கு அவரு ரொம்ப நேரம் நின்னாரு, நகரவே இல்ல. எனக்கு வசதியா இருந்துச்சு."

சூசோக் முடிந்து குளிர் இறங்குவதற்குள் தோண்டினோம். எலும்பில் வெயில் படக்கூடாது என்பதால் நாலு கம்பு நட்டு மேலே துணி கட்டினோம். மேடே இல்லாத புல்தரையில், படத்தில் அவர் நின்ற இடத்தில் தோண்டச் சொன்னதும் வெட்டியாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "படத்துல இருக்கு, தோண்டுங்க" என்றார் பில்-சு. அந்தத் தடவை அவர்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சொன்னார். முழங்கால் ஆழம் போனதும் மண்ணின் நிறம் மாறியது. வெட்டியாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மண்ணை விலக்க ஆரம்பித்தார்.

எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, சாராயத்தில் துடைத்து, வெள்ளைத்தாளின் மேல் தலையிலிருந்து வரிசையாக அடுக்கினார்கள். வலது கால் எலும்பை எடுத்தபோது வெட்டியாள் அதைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு முடிச்சு, உடைந்து கூடின இடம். "இவரு கால ஒடச்சுக்கிட்டவருங்களா?" என்று கேட்டார். நான் அதைக் கையில் வாங்கினேன். எவ்வளவு லேசாக இருந்தது. படத்தில் அந்தக் கால் வெறும் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் இந்த முடிச்சு இருந்ததை அந்த மனிதர் எதிர்க்கரையில் உட்கார்ந்து எப்படிப் பார்த்தாரோ, எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

மேலே மாமனாரையும் அப்படியே எடுத்து முடித்தோம். பாறைக்கு மேற்கே பான் வீட்டார் தங்கள் பெரியவர் இரண்டு பேரையும் தோண்டி எடுத்திருந்தார்கள். கீழ்மேட்டில் இருந்தவரைச் சணல்துணியில் சுற்றி வைத்ததும் அவர்கள் வீட்டு மருமகள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். பத்தொம்பது வருஷமா எங்க மாமனாருகிட்ட என்னல்லாம் பேசின?"

எனக்கு முகம் சுட்டது. மாமியார் கொடுமை, கடன், கூரை ஒழுகல், ஒரு நாள் தனிமையில் பொறுக்க முடியாமல் சொன்ன சில வார்த்தைகள். எல்லாவற்றையும் அந்த மேட்டில்தான் கொட்டியிருந்தேன்.

"எல்லாந்தான்" என்றேன்.

"ஐயோ பாவம். அவரு ரொம்ப கூச்சப்படறவரு." அவள் என் தோளை ஒரு இடி இடித்தாள். "ஆனா நாங்க ஒருத்தரும் எட்டிப் பாக்காத காலத்துல அவருக்கு வருஷா வருஷம் கள்ளு ஊத்தி, தலை வாரி விட்டிருக்க. அத நான் மறக்கமாட்டேன்."

நான் அந்தப் பெரியவரின் முன்னால் போய் மண்டியிட்டு வணங்கினேன். என் புலம்பலை அத்தனை வருஷம் மறுவார்த்தை பேசாமல் கேட்டவர் அவர்தான்.

வடக்கு மலையில் இரண்டு புதுமேடுகளும் கட்டி முடிய மதியமாகிவிட்டது. பில்-சு அண்ணன் முன்னால் விழுந்து குலுங்கினார், அவரை ஆட்கள் எழுப்பிக் கூட்டிப்போனார்கள். எல்லாரும் கீழே இறங்கியதும் நானும் தோக்-நிம்மும் மட்டும் இருந்தோம். கிண்ணத்தில் மக்கொல்லியை ஊற்றி, ஈர மண்ணில் மூன்று முறை சுற்றிக் கவிழ்த்தேன். அத்தனை வருஷம் பேசியது எதுவும் இவருக்குத் தெரியாது. இவருக்கு நான் இன்னும் ஐந்தாவது மாதக் கர்ப்பிணி.

தோக்-நிம்மின் கையைப் பிடித்து மேட்டின் முன்னால் இழுத்து நிறுத்தினேன். பத்தொன்பது வயது, என்னைவிட ஒரு தலை உயரம்.

"என்னங்க" என்றேன். "பொறந்துட்டா. பொண்ணு."